லியோன் லோரியும் கோல சிலாங்கூர் ரப்பரும்

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், எதிரே வரும் லோரிகளின் முகப்பைப் படித்துக்கொண்டே போகலாம். ஹினோ, இசுசு, ஃபூசோ, யூடி என்று ஜப்பான் பெயர்கள் வரும். இடையிடையே ஸ்வீடனின் ஸ்கேனியாவும் வோல்வோவும் வரும். செம்பனைக் குலை ஏற்றியவை, எண்ணெய் டாங்கி இழுப்பவை, மணல் சுமப்பவை என்று எத்தனையோ ரகம். பிரெஞ்சுப் பெயர் கண்ணில் படுவது மட்டும் அரிது.

வேறு ஊராக இருந்தால் இது பேசத் தக்க செய்தியே அல்ல. கோல சிலாங்கூரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த வட்டாரத்தின் காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே அவர்கள் கையால் எழுந்தது. அதே காலத்தில் பிரான்சின் லியோன் நகரில் உலகின் பெரிய லோரி, பஸ் தயாரிப்பாளர்களில் ஒருவர் வளர்ந்துகொண்டிருந்தார். பெர்லியே என்ற அவருடைய பெயரைச் சகாராப் பாலைவனத்து ஓட்டுநர்களும் சீனத்து மெக்கானிக்குகளும் அறிந்திருந்தார்கள். சிலாங்கூர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அது புழங்கிய பெயர் அல்ல. தோட்டம் பிரெஞ்சுப் பணத்தில் எழுந்திருக்க, சாலையில் பிரெஞ்சு லோரி ஏன் பெயரெடுக்கவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் லோரியின் கதையோடு தோட்டத்தின் கதையும் சேர்ந்தே வருகிறது.

ஆன்ரி ஃபோகோனியே 1905-இல் மலாயா வந்தார். தென்மேற்குப் பிரான்சின் பார்பெசியூ ஊர்க்காரர். கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில், சிலாங்கூர் ஆற்றையொட்டி நிலம் எடுத்து ரப்பர் நட்டார். பெல்ஜிய முதலீட்டாளர் அத்ரியென் ஆலே அவருக்குப் பக்கபலமாக வந்தார். அந்த உறவுதான் பின்னாளில் சொக்ஃபின் என்ற பெருந்தோட்ட நிறுவனமாக விரிந்தது. சுமத்ராவின் டெலியிலிருந்து வந்த செம்பனை விதைகள் முதலில் அழகுக்காகத்தான் நடப்பட்டன. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் அவை வணிகப் பயிராயின. இன்று தீபகற்பமெங்கும் விரிந்து கிடக்கும் செம்பனைக்கு அதுவே தொடக்கம். ஃபோகோனியே பிறகு எழுத்தாளராகவும் ஆனார். மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட அவருடைய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

மாரியுஸ் பெர்லியேயின் கதை பட்டுத்துணியில் தொடங்குகிறது. 1866-இல் லியோனில் பிறந்த அவருடைய குடும்பத் தொழில் நெசவைச் சார்ந்தது. இளைஞருக்கோ இயந்திரத்தின் மேல்தான் ஆசை. 1890களின் நடுவில் ஒற்றைச் சிலிண்டர் கார் ஒன்றைத் தானே கட்டி ஓட்டிப் பார்த்தார். 1905-இல் அமெரிக்க லோகோமோட்டிவ் நிறுவனம் அவருடைய கார்களைத் தன் நாட்டில் தயாரிக்க உரிமம் வாங்கியது. அந்தப் பணம் பட்டறையைத் தொழிற்சாலையாக்கியது. ரயில் எஞ்சினின் முகத்தை அவர் அப்போதிருந்தே தம் வண்டிகளின் சின்னமாக வைத்துக்கொண்டார். கடைசி பெர்லியே லோரி வரை முகப்பில் இருந்தது அந்த ரயில் எஞ்சின்தான்.

இருவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இருவரின் பிழைப்பும் ஒரே சக்கரத்தில் சுற்றியது. கார் தொழில் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறியது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலைதான் ஐரோப்பியப் பணத்தைச் சிலாங்கூர்க் காட்டுக்குள் கொட்டியது. திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு கிராமங்களுக்குக் கங்காணிகளை அனுப்பியதும் அதே விலைதான். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் லயங்கள் எழுந்ததற்குப் பின்னால் லியோன், பாரீஸ், டிட்ராய்ட் பட்டறைகளின் பசி இருந்தது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஊர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விலை விழுந்தபோது மட்டும் தெரிந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் சில பென்சுகளுக்கு இறங்கியதும் பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

பெர்லியேயை உலகறியச் செய்தது முதல் உலகப் போர். அதற்கு முன்பே கனரக வண்டிகளில் இறங்கியிருந்த அவர், சிபிஏ என்ற லோரியை 1914-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். அலங்காரம் ஒன்றும் இல்லாத முரட்டு வண்டி. பின்சக்கரங்களைச் சங்கிலி சுழற்றும். காற்றடைத்த டயர் கிடையாது, கெட்டி ரப்பர்தான். வேகமும் குறைவு. ஆனால் உடைந்தால் எளிதில் சரிசெய்யலாம், ஏற்றினால் சலிக்காமல் சுமக்கும். ஒரு கட்டத்தில் நாளுக்கு 40 வண்டிகள் வரை தொழிற்சாலையை விட்டு வெளியேறின.

1916-இல் வெர்தான் கோட்டையை ஜெர்மானியர் தாக்கியபோது, பார்-லெ-டுயுக் ஊரிலிருந்து போர்முனைக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரே ஒரு சாலைதான் பயன்பட்டது. பெரிய ரயில் பாதைகள் அறுந்துவிட்டன. 3,000க்கும் மேற்பட்ட லோரிகள் இரவு பகலாக அதில் ஓடின. உச்ச நேரத்தில் 14 விநாடிக்கு ஒரு லோரி என்ற கணக்கு. பழுதான வண்டியைச் சாலையில் நிறுத்தவே கூடாது, பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஓரத்தில் நின்ற வயதான சிப்பாய்கள் ஓடும் சக்கரங்களுக்கு அடியில் ஜல்லியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சக்கரமே சாலையை நசுக்கிச் சமன்செய்தது. ரெனோ, லத்தீல், பூஜோ, அமெரிக்க ஒயிட் எல்லாம் அங்கே ஓடின. ஆனாலும் அந்தச் சாலையின் படங்களில் நிலைத்த முகம் சிபிஏ உடையது. பிரெஞ்சுப் படைப்பிரிவுகளை வெர்தானுக்கு முறைவைத்து அனுப்பியதால், சிப்பாய்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நாள் இப்படியொரு லோரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பார்கள். ஃபோகோனியேயும் 1914-இல் தோட்டத்தை விட்டுச் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தவர்தான்.

அந்தக் கெட்டி ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் நம் பக்கம் திரும்பும். அந்தப் பத்தாண்டின் முடிவில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவில் வடிந்தது. தோட்டங்களில் அதை வடித்த கைகளில் பெரும்பான்மை தமிழ்க் கைகள்.

போர்க்காலத்தில் லியோனுக்கு வெளியே வெனிசியூவில் பெர்லியே நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நிலம் வாங்கிப் புதிய ஆலை எழுப்பினார். ஆலையோடு தொழிலாளர் குடியிருப்பு ஒன்றும் எழுந்தது. தோட்டம் வைத்த வீடுகள், பள்ளி, விளையாட்டுக் கழகம், உணவுக்குப் பண்ணை எல்லாம் உள்ளேயே இருந்தன. பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் இதை முதலாளித் தந்தையின் ஊர் என்று வகைப்படுத்துவார்கள். சிலாங்கூர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். லயம், தோட்டப் பள்ளி, ஆயாக்கொட்டகை, மருந்துக்காரர் உள்ள ஆஸ்பத்திரி, கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே எல்லைக்குள். வேலை இருக்கும்வரை வீடு. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடும் உண்டு. வெனிசியூத் தொழிலாளி வாக்குரிமை உள்ள குடிமகன், எல்லைக்கு வெளியே நகரம் அவனுக்குத் திறந்திருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு எல்லைக்கு வெளியே இருந்தது செம்மண் சாலையும் காடும்தான். ஆனாலும் வீட்டையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டும் உத்தி ஒன்றுதான். அதன் பாக்கி நெடுங்காலம் தீரவில்லை. வட சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். மலாயாவில் பெர்லியே ஏன் வேரூன்றவில்லை?

முதற்காரணம் கொடி. 1932-இல் கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் கூடி, தங்களுக்குள் நடக்கும் வணிகத்துக்குச் சலுகை, வெளியார் சரக்குக்குக் கூடுதல் சுமை என்று முடிவெடுத்தன. மலாயாவிலும் பேரரசுக்கு வெளியே செய்த வண்டிகள் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆஸ்டின், மோரிஸ், ஆல்பியன், லேலண்ட், பெட்ஃபோர்டு ஆகியவற்றுக்கு அது கொண்டாட்டம். அமெரிக்க ஃபோர்டு மட்டும் சாமர்த்தியமாக உள்ளே வந்தது. 1926-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயா ஃபோர்டு நிறுவனம், கனடா ஃபோர்டின் கிளை. கனடா பேரரசுக்கு உட்பட்ட நாடு. ஆகவே டிட்ராய்டின் வண்டி பேரரசின் வண்டியாக நுழைந்தது. பெர்லியேக்கு அப்படியொரு பின்வாசல் இல்லை. அவருக்குச் சொந்தமாகவே வேறொரு பேரரசு இருந்தது. அல்ஜீரியா, மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா, இந்தோசீனா. அங்கே அவர் வண்டிகள் தாராளமாகப் போயின.

இரண்டாம் காரணம் உதிரிப் பாகம். லோரி வாங்குவது ஒரு நாள் வேலை, ஓட்டுவது பத்து வருட வேலை. கிளட்ச் தட்டு தேய்ந்தால் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ அன்றைக்கே கிடைக்க வேண்டும். தோட்டத்துக் கொல்லனும் டிரைவரும் ஏற்கெனவே பழகிய எஞ்சினாக இருக்க வேண்டும். முதலாளி எந்த மொழியில் கணக்கு எழுதினாலும் இந்த நியாயம் மாறாது. ஒரு நாட்டில் ஒரு லோரி நிலைப்பதற்குக் கடைத்தெருவின் பங்கு ஆலையின் பங்குக்குக் குறைந்ததல்ல. லோரி வரலாறுகளில் குதிரைத்திறனுக்குக் கிடைக்கும் பக்கங்கள் உதிரிப் பாகக் கடைகளுக்குக் கிடைப்பதில்லை. அது குறைதான்.

மூன்றாவது, தோட்டங்கள் நெடுங்காலம் லோரியை நம்பியே இருக்கவில்லை. தொடக்கத்தில் ஆறுதான் சாலை. சிலாங்கூர் ஆற்றிலும் வடக்கே பெர்ணம் ஆற்றிலும் படகில் சரக்கு வந்தது, போனது. வெட்டுக்காட்டிலிருந்து பால் ஸ்டோருக்குத் தொழிலாளியின் தோளில் காண்டா கம்பு, இரு முனையிலும் வாளி. பிறகு மாட்டு வண்டி. செம்பனை வந்தபோது கதை மாறியது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் விழும். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கிக் காத்திருக்கலாம், பழம் காத்திருக்காது. அதனால் பல செம்பனைத் தோட்டங்கள் உள்ளேயே குட்டி ரயில் பாதை போட்டன. குட்டி ரயிலின் இடத்தை டிராக்டரும் லோரியும் முழுமையாகப் பிடித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

தொழிலாளியின் சொந்தப் போக்குவரத்து என்று பார்த்தால் முதலில் கால், அடுத்து சைக்கிள். இங்கே சைக்கிள் சாதாரணப் பொருளல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் மே மாதம் கைதானதும் கொந்தளிப்பு பரவியது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டு சக்கர வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் உரிமைக்கே இவ்வளவு.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் 1941 அக்டோபரில்தான் திறந்த ஃபோர்டு ஆலையில், 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார். பெட்ரோல் தீர்ந்துபோன மலாயாவில் லோரிகள் கரிவாயுவில் ஓடின. செம்பனை எண்ணெய்கூட எரிபொருளானது. தோட்டங்களில் அப்போது லோரி என்றாலே பயம். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க அது வந்தது. ஏறிப்போனவர்களில் எண்ணற்றோர் திரும்பவில்லை.

அதே ஆண்டுகளில் வெனிசியூவிலும் வண்டிகள் மரவாயுவில் ஓடின. மாரியுஸ் பெர்லியே ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு லோரி செய்து கொடுத்தார். 1944 மே மாதத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் ஆலையைக் குண்டு வீசி நொறுக்கின. செப்டம்பரில் லியோன் விடுதலையானதும் அவரும் மகன்களும் கைதாயினர். ஆலை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1946-இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது.

பறித்த ஆலையை நடத்தியது யார் என்பதுதான் இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே சுவையான பகுதி. அரசு ஆணையர் இவ் ஃபார்ஜ், பொறியாளர் மார்செல் மோனியே தலைமையில் ஒரு குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். தொழிலாளர் பிரதிநிதிகள் முடிவெடுக்கும் மேசையில் அமர்ந்தனர். சிதைந்த ஆலையில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. போருக்குப் பிந்திய பிரான்சின் மிகப்பெரிய தொழிலாளர் நிர்வாகச் சோதனைகளில் ஒன்று இது. ஒற்றுமை நெடுநாள் நிற்கவில்லை. 1947-லேயே உள்ளே பிளவு வந்தது. 1949-இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசுப் பறிமுதல் செல்லாது என்று தீர்ப்பளிக்க, ஆலை குடும்பத்தின் கைக்குத் திரும்பியது. மாரியுஸ் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கான் நகரில் காலமாகிவிட்டார். மகன் பால் பெர்லியே பொறுப்பேற்றார். ஜெர்மானியரோடு ஒத்துழைத்த குற்றச்சாட்டில் ரெனோ நிறுவனத்தை அரசு 1945-இல் நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டது, பெர்லியே மட்டும் தப்பித்தது. அந்தத் தப்பிப்பு எவ்வளவு காலம் நீடித்தது என்பது பின்னால் வரும்.

பாலின் காலம் டீசலின் காலம். ஜிஎல்ஆர் என்ற லோரி 1950-இல் வந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் உற்பத்தியில் நின்றது. 1956-இல் அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூதில் எண்ணெய் கிடைத்ததும் பாலைவனத்துக்கென்றே வண்டிகள் பிறந்தன. 1957-இல் காட்டிய டி100 அன்றைக்கு உலகிலேயே பெரிய லோரி. 600 குதிரைத்திறன், ஆள் உயரத்தைத் தாண்டிய சக்கரங்கள். மொத்தம் நான்குதான் செய்தார்கள். லாபக் கணக்கில் அது தேறாது, விளம்பரக் கணக்கில் தேறும். 1959 நவம்பரில் பெர்லியே லோரிகளின் அணி ஒன்று அல்ஜீரியாவிலிருந்து தெனெரே பாலைவனத்தைக் கடந்து சாடு ஏரிப் பக்கம் போய் 1960 ஜனவரியில் திரும்பியது. சரக்கோடு விஞ்ஞானிகளும் போனார்கள். அல்ஜியர்ஸ் அருகே ரூயிபாவில் ஆலையும் எழுந்தது. அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்றபின் அந்த ஆலை அந்நாட்டு அரசு லோரி நிறுவனத்தின் அடித்தளமானது. 1965-இல் சீனாவோடு பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. சிச்சுவானில் ஹோங்யென் என்ற சீன லோரி பெர்லியே வடிவிலிருந்து பிறந்தது.

வரைபடத்தைப் பார்த்தால் பெர்லியே ஓடிய நாடுகள் ஒரு மாதிரியைக் காட்டும். பெரும்பாலும், ஒன்று பிரெஞ்சுக் கொடி பறந்த இடம், இல்லையென்றால் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் பகைத்துக்கொண்ட இடம். மலாயா இரண்டிலும் சேராது. விடுதலைக்குப் பிறகும் லண்டன் நிறுவனங்களின் தோட்டம், பிரிட்டிஷ் நிறுவனங்களின் லோரி என்ற நிலை சிறிது காலம் தொடர்ந்தது. பிறகு விலையும் பொறுமையும் கொண்டு ஜப்பான் உள்ளே வந்தது.

1968 மே மாதத்தில் பிரான்சே நின்றுபோனபோது வெனிசியூத் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி, வாசலில் இருந்த நிறுவனப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, பிரெஞ்சில் விடுதலை என்று படிக்கும்படி மாட்டினார்கள். அந்தப் படம் இன்னமும் புத்தகங்களில் வருகிறது. அதற்கு முந்திய ஆண்டே நிறுவனம் கைமாறியிருந்தது. வாங்கியது சித்ரோயென். அதன் பின்னால் நின்றது டயர் நிறுவனமான மிஷெலின். வியட்நாமில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த டயர்க்காரர் லோரிக்காரரையும் சேர்த்து வைத்திருந்தார் என்பது தோட்ட மக்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. பால் வடிப்பதிலிருந்து சக்கரம் சுழல்வதுவரை ஒரே வீட்டுக் கணக்கு. எண்ணெய் நெருக்கடி வந்ததும் மிஷெலின் கையை உதறியது. 1974-இல் பெர்லியே அரசு நிறுவனமான ரெனோவிடம் போனது. 1949-இல் அரசிடமிருந்து தப்பியது 25 ஆண்டில் அரசிடமே வந்து சேர்ந்தது. ரெனோவின் லோரிப் பிரிவான சவியெமோடு 1978-இல் அதை இணைத்தார்கள். 1980-இல் பெர்லியே என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள்.

பெயர் போனாலும் வண்டி போகவில்லை. பெர்லியே வரைந்த பிஆர்100 நகரப் பஸ், ரெனோ பெயரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் பெர்த்திலும் ஓடியது. போலந்தில் உரிமம் வாங்கிச் செய்தார்கள். இந்த விஷயத்தில் சென்னைக்கும் லியோனுக்கும் ஓர் எதிரிடை உண்டு. 1948-இல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார் கட்டிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. பிரிட்டனில் லேலண்ட் பேரரசு சிதறிப்போயிற்று. தமிழ்நாட்டுச் சாலையில் அந்தப் பெயர் இன்றைக்கும் பஸ்ஸின் நெற்றியில் ஓடுகிறது. மாமியார் வீடு இடிந்தபின்னும் மருமகள் வீட்டில் பெயர் நிலைத்த கதை. பெர்லியேக்கு அப்படியொரு எண்ணூர் ஆசியாவில் வாய்க்கவில்லை.

கோல சிலாங்கூர் பக்கம் இதே 1970களும் 80களும் வேறொரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். ஷா ஆலாமிலும் சுங்கைவேயிலும் மின்னணு ஆலைகள் திறந்தன. விடியுமுன் தோட்டத்து முச்சந்தியில் கம்பெனி பஸ் வந்து நின்றது. பிரட்டுக்களத்துக்குப் போன அம்மாவின் மகள் அந்தப் பஸ்ஸில் ஏறினாள். தோட்டம் கலைந்ததற்குச் செம்பனையையும் வீடமைப்பு நிறுவனங்களையும் காரணம் சொல்வது வழக்கம். அந்தப் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளத்தையும் நகரத்தையும் லயத்து வாசலுக்கே கொண்டுவந்தது அது. அதுவரை வெளியுலகம் என்பது திறந்த தோட்ட லோரியில் பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போய்வருவதோடு முடிந்துவிடும். புக்கிட் செராக்கா தோட்ட நிலம் இப்போது புஞ்சாக் ஆலம் நகரம். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அதே 2007 ஏப்ரலில் நடந்த ஈஜோக் இடைத்தேர்தலின்போது, பல ஆண்டு குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளுக்கு அவசர அவசரமாகத் தார் பூசப்பட்டது. 2011-இல் கோலாலம்பூர் – கோல சிலாங்கூர் நெடுஞ்சாலையும் திறந்தது. இப்போது சாலை நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் நம்மவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

பெர்லியேயின் வாரிசு இங்கே வரவே இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. 2001-இல் ரெனோ தன் லோரிப் பிரிவு முழுவதையும் ஸ்வீடனின் வோல்வோவுக்கு விற்றது. அந்த வோல்வோவோ 1960களின் இறுதியிலேயே ஷா ஆலாமில் வண்டி பூட்டத் தொடங்கிவிட்ட பெயர். வெனிசியூ ஆலை இன்று வோல்வோ குழுமத்துக்குள் ரெனோ டிரக்ஸின் எஞ்சின்களையும் பாகங்களையும் செய்யும் இடம். ஐந்தாம் எண் சாலையில் டாங்கி இழுத்துப் போகும் வோல்வோவும் லியோன் லோரியும் இப்போது ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகின்றன. கொடி தடுத்ததைப் பங்குச்சந்தை சேர்த்து வைத்திருக்கிறது.

லோரியும் தோட்டமும் இன்னும் இரண்டு இடங்களில் சந்திக்கின்றன. ஒன்று டயர். கார் டயரைவிட லோரி, பஸ் டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். பாரத்தோடு ஓடும்போது செயற்கை ரப்பரில் சூடு அதிகமாக ஏறும். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் கட்டிய ஆலை லோரி, பஸ் டயருக்கானது. மேய்ச்சல் நிலம் போகிறது என்று அந்த ஊர் மக்கள் கடுமையாகப் போராடினார்கள். மின்லோரி வந்தாலும் இந்தத் தேவை குறையப்போவதில்லை, மின்கலத்தின் எடை டயரின் மேல்தான் இறங்கும். ரெனோ டிரக்ஸ் 2020 முதல் நார்மண்டியின் பிளான்வில் ஆலையில் மின்லோரிகளைத் தொடர் உற்பத்தி செய்கிறது.

இன்னொன்று டீசல் தொட்டி. தென்னமரத்தில் தொடங்கிய பயிரின் எண்ணெய் பிரான்சில் லோரிக்கு எரிபொருளாகவே போனது. 2019-இல் தெற்குப் பிரான்சின் லா மேத் ஆலை செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யத் தொடங்கியது. காடழிப்புக் குற்றச்சாட்டை முன்வைத்துப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 2020 ஜனவரி முதல் அதற்கான வரிச் சலுகையை நீக்கிவிட்டது. மலேசியாவோ தன் பங்குக்குச் சாலை டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை டீசலைக் கலந்து விற்கிறது. பிரான்சில் ஒதுக்கிய எண்ணெய் இங்கே ஹினோவின் தொட்டியில் எரிகிறது.

ரப்பரின் நிலைமை இன்னும் விசித்திரம். கோல சிலாங்கூரில் ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மலேசிய ரப்பர் ஆலைகளுக்கு உள்நாட்டுப் பால் போதாமல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலிருந்து கட்டி ரப்பரைக் கப்பலில் இறக்குமதி செய்கிறார்கள். ஒரு காலத்தில் பெர்லியேயின் சந்தையாக இருந்த அந்த நாட்டில் மிஷெலினின் பணம் ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிறது. கோல சிலாங்கூரில் வேர்விட்ட சொக்ஃபின் குழுமத்துக்கும் அங்கே தோட்டங்கள் உண்டு. அந்த ரப்பர் மலேசியத் துறைமுகத்தில் இறங்கியபின் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஏறக்குறைய எப்போதும் ஜப்பான் வண்டிதான்.